புரட்டாசியில் தின்ற கொழுப்பு

உடம்புக்கு என்ன வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "கணையத்துல வீக்கம். சில பேருக்கு அப்படி வருமாம்." இந்த 'வருமாம்' என்ற சொல்லுக்குள் ஒரு முழுப் பூசணிக்காயை மறைத்து வைத்திருந்தேன். இப்போது எடுத்து வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல யாராவது ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, அரைகுறையாகப் படித்த காகிதத்தை நம்பிக்கொண்டிருக்கலாம். அவருக்கு இது உதவும். என் மனைவி வசந்தா இதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாமல் இருப்பதுதான் என்னை எழுத வைத்தது.

2010-இல் எனக்கு நாற்பத்தைந்து வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை அண்ணாமலை நகரில் ஓர் அலுவலகத்தில். தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வருவேன். வீட்டில் வசந்தாவும் எங்கள் மகளும். தொண்ணூற்றிரண்டு கிலோ எடை. சர்க்கரை இருந்தது. அதோடு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற ஒரு வகைக் கொழுப்பும் அதிகம் என்று எங்கள் ஊர் மருத்துவர் இரண்டு மாத்திரைகள் கொடுத்திருந்தார். அரிசியைக் குறை, நட என்றார். நான் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, இரண்டையும் செய்யவில்லை.

அந்த ஆடியில் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பக்கக் காகிதம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. யாரோ இன்டர்நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்தது. சோற்றையும் சர்க்கரையையும் விடு, கொழுப்பைச் சாப்பிடு, உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். கொழுப்பு நீக்காத கறி சாப்பிடலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேல் படிக்க எனக்குத் தேவை ஏற்படவில்லை. சர்க்கரை உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல், ரத்தம் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது என்று நான்காம் பக்கத்தில் இருந்ததை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் படித்தேன்.

ஆவணி முழுக்க வெளிப்படையாகவே நடந்தது. வசந்தாவும் சலிக்காமல் விலாக்கறி வாங்கி வறுத்துக் கொடுத்தாள். சோறு இல்லாமல் வெறும் கறி. ஐந்து கிலோ குறைந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டேன். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். உடம்பு லேசாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தினேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்குத் தன் வீட்டு மாத்திரை டப்பா கண்ணில் படாது.

பிறகு புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. கவுச்சி என்றால் எங்கள் பக்கத்தில் கறி, மீன், முட்டை எல்லாம் சேர்த்துத்தான். இந்த வழக்கம் என் குடும்பத்தினுடையது. வசந்தா கடலூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டிலிருந்து வந்தவள். முதல் வருடம் புரட்டாசியில் அவள் பட்ட பாட்டைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். ஆனால் பழகிய பிறகு என்னைவிட அவள்தான் கறாராக இருந்தாள். அந்த வருடம் என் சர்க்கரை குறைய வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, எல்லாச் சனிக்கிழமையும் ஒரு வேளை பட்டினி வேறு இருந்தாள்.

நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் காஜா பாய் மெஸ்ஸுக்குப் போனேன்.

ஒரு நாள்தான் என்று ஆரம்பித்தேன். டயட் கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். புரட்டாசியில் அந்த மெஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "கடைய மூடிட்டு ஒரு மாசம் ஊருக்குப் போயிடலாம்னு இருந்தேன் சார். நீங்க ஒருத்தர் வர்றீங்களேன்னுதான் அடுப்பு பத்த வெக்கிறேன்" என்றார் பாய். அவருக்கு நான் தெய்வம் மாதிரி. மற்றவர்கள் ஒதுக்கி வைக்கிற வெள்ளைக் கொழுப்பை நான் கேட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு, எனக்கென்றே எடுத்து வைக்க ஆரம்பித்தார். விலா ஓரத்துப் பட்டை, நெஞ்செலும்போடு ஒட்டிய கொழுப்பு, குண்டிக்காய் என்கிற சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கட்டி. கல்லில் போட்டு அதன் எண்ணெயிலேயே முறுக விட்டு மிளகு தூவிக் கொடுப்பார். அதன் ருசியை இங்கே எழுதாமல் விடுவது நேர்மை ஆகாது. அவ்வளவு ருசி.

சாப்பிட்டதும் எலுமிச்சைத் துண்டால் விரல்களைத் தேய்ப்பேன். ஏலக்காய் மெல்வேன். வீட்டுக்கு வரும்போது நான் பெருமாள் பக்தன். அங்கே வசந்தா வைத்திருக்கும் சர்க்கரைப் பொங்கலையும் உளுந்து வடையையும் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே? அதனால் அதையும் சாப்பிட்டேன், சோற்றையும் சாப்பிட்டேன். மதியம் கொழுப்பு, ராத்திரி சோறும் வெல்லமும். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு டயட் இல்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு தட்டு. மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி ஆரம்பித்தது. கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்தேன். அரை மணி நேரத்தில் அந்த வலி முதுகு வரைக்கும் ஊடுருவிப் போனது. நிமிர முடியவில்லை. முன்னால் குனிந்து மேசையைக் கட்டிக்கொண்டால் மட்டும் கொஞ்சம் பொறுக்க முடிந்தது. வாந்தி நிற்கவே இல்லை. உடன் வேலை பார்க்கிறவர்கள் ஆட்டோவில் போட்டு, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். செத்துவிடுவோம் என்று நினைத்தேன். மிகையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் இதயத்தைப் பார்த்தார்கள். ஈசிஜி சரியாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஓர் இளம் பெண். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் ஓர் உறுப்பு, சாப்பாட்டைக் கரைக்கும் நீரையும் இன்சுலினையும் சுரப்பது என்று விளக்கினார். அது வீங்கும்போது அந்த நீர் வெளியே போகாமல் கணையத்தையே கரைக்க ஆரம்பிக்கும் என்றார். நான் பயத்தில் பாதிதான் கேட்டேன்.

"சார், குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

"எத்தன நாளா இல்ல?"

"எப்பவுமே இல்ல."

அவர் நம்பவில்லை. இந்த வயதில் ஆண்களுக்கு இது வந்தால் முக்கால்வாசி குடிதானாம், இல்லையென்றால் பித்தப்பைக் கல்லாம். "சரி, என்ன சாப்பிட்டீங்க?"

வசந்தாவும் அவள் தம்பி முருகனும் கடலூரிலிருந்து அப்போதுதான் ஓடி வந்து கட்டிலருகே நின்றிருந்தார்கள். புவனகிரியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா அவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள். நான் மூவரையும் பார்த்தேன்.

"வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன்.

அந்த நோய் முழுவதிலும் என்னை இன்றுவரை குத்துவது இந்த இரண்டு வார்த்தைகள்தான். ஊசி குத்திய இடமெல்லாம் ஆறிவிட்டது.

மருத்துவர் போனதும் முருகன் என் காதருகே குனிந்தான். படகில் போகிறவன், எதையும் நேராகக் கேட்பான். "மாமா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சரக்கு எதனா போட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். செய்யாத குற்றத்தை மறுக்கும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடுகிறது. அவன் உடனே நம்பிவிட்டான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

குடி இல்லை என்றானதும் அக்காவுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டாள். "எல்லாம் எண்ணெதான். நானும் வரும்போதெல்லாம் பாக்கறேன், வடைய சுட்டு சுட்டு அடுக்கறா. சக்கரக்காரனுக்கு எவளாவது பொங்கல்ல அவ்ளோ நெய் ஊத்துவாளா?"

வசந்தா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "போன சனிக்கெழம பொங்கலு. புதங்கெழம வடை. நேத்து அப்பளம்... ஆமா அண்ணி, நெய்யி ஜாஸ்திதான். சாமிக்குன்னு ஊத்திட்டேன்." எனக்குக் கேட்டது. கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் இல்லை. வார்டுக்குத் திரும்பியபோது மருத்துவரோடு லேப் டெக்னீஷியனும் நின்றிருந்தார். முந்தின நாள் எடுத்த ரத்தம் மெஷினில் சரியாக ஓடவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று வசந்தா கேட்க, கையிலிருந்த சின்னக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் ரத்தம் சிவப்பாக உறைந்திருந்தது. அதற்கு மேல், தெளிவாக இருக்க வேண்டிய நீர், எருமைப்பால் போல வெள்ளையாக நின்றது.

"இது கொழுப்பும்மா" என்றார் மருத்துவர். "ட்ரைகிளிசரைடு. ரத்தத்துல இவ்வளவு ஏறினா அதுவே கணையத்த வீங்க வெக்கும். இவரு என்ன சாப்பிடறாரு?"

"புரட்டாசிங்க டாக்டர்" என்றாள் வசந்தா. "மூணு வாரமா கறி மீனு எதுவும் ஊட்டுல இல்ல. நெய்யிதான்... நான்தான் ஊத்துனேன். அதுக்கு இப்படி ஆவுங்களா?"

மருத்துவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், வைத்தியம் பாக்கறதுக்கு எனக்கு உண்மை வேணும். வேற என்ன?"

சொன்னேன். மெஸ், கொழுப்பு, ராத்திரிப் பொங்கல், நிறுத்திய மாத்திரைகள் எல்லாம். அவர் திட்டவில்லை. ஆட்டுக்கொழுப்பு விஷமொன்றும் இல்லை, எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றார். என் உடம்புக்குக் கொழுப்பைச் சீக்கிரம் கரைக்கத் தெரியாது. கட்டுக்கு மீறிய சர்க்கரை அதை இன்னும் கெடுத்தது. தடுத்துக்கொண்டிருந்த மாத்திரையையும் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்தக் கொழுப்பு இறங்கும், இரண்டு நாள் தாண்டிவிட்டால் பயமில்லை என்றார்.

"அவுங்ககிட்ட சொல்ல வேணாம் டாக்டர்."

"நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா அவுங்க தன் கையாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு வெளியில அழுதுகிட்டு நிக்கிறாங்க. நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க."

சரி என்றேன். மதியம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மதியம் அவள் உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதால் பஞ்சை நனைத்துப் பிழிந்து, வெடித்துப் போயிருந்த என் உதட்டில் ஒற்றினாள். மூக்குக் குழாயின் பிளாஸ்திரி உரிந்திருந்ததை மெதுவாக அழுத்திவிட்டாள். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சனிக்கிழமைப் பட்டினி. எனக்காக. வாயைத் திறந்தேன். "என்னாங்க, வலிக்குதா?" என்றாள். "ஆமா" என்றேன். வலி அப்போது குறைந்திருந்தது. அதிலும் பொய்.

சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமமும் கையில் துளசியும் இருந்தன. பெரிய கோயிலுக்குள் இருக்கும் பெருமாள் சன்னதிக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். துளசியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். முகம் லேசாகத் தெளிந்திருந்தது. இப்போது சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று இன்னொரு நாளைத் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூக்குக் குழாயை எடுத்தார்கள். புதிதாக எடுத்த ரத்தத்தில் வெள்ளை குறைந்திருக்கிறது என்றார்கள். பிழைத்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அக்கா பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தண்ணீர்கூடக் கிடையாது என்று நர்ஸ் சொன்னதும், அதை வசந்தா பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"நீயே குடி. டிஸ்சார்ஜ் ஆனதும் நானே கடலூர் வந்து ஒரு மாசம் ஆக்கிப் போடறேன். நீ ஆக்கினது போதும்."

வசந்தா "சரிங்க அண்ணி" என்றாள். இருபது வருடம் எனக்குச் சமைத்தவள் தன் அடுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த ரசத்தை எடுத்துக் குடிக்கவும் போனாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அவ ஆக்கினதுல ஒண்ணுமே இல்ல. நான்தான் வெளியில துன்னேன். புரட்டாசி பொறந்ததுலேர்ந்து தெனமும் மெஸ்ல ஆட்டுக்கொழுப்பு. மாத்திரையும் போடல."

அக்கா வாயில் கை வைத்தாள். முருகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வசந்தா பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தாள்.

"தெனமுமா?"

"ஆபீஸ் இருந்த நாளெல்லாம்."

"ஊட்டுக்கு வந்து பொங்கலும் சாப்ட்டீங்க."

"ஆமா."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"நேத்துக் காலையில சொன்னேன்."

அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் எளிது. "நேத்துக் காலையிலேயே எனக்கும் சொல்லியிருந்தீங்கன்னா நான் சாயங்காலம் கோயிலுக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள். போனால் என்ன என்று அக்கா கேட்டாள். வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் கையால வந்த வென, இவரு பொழச்சி எழுந்திரிச்சா என் ஆயுசுக்கும் கவுச்சிய வாயில வெக்கமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன் அண்ணி."

முருகன்தான் முதலில் தாங்காமல் சொன்னான். "யக்கா, நீ தெரியாமதானே வேண்டுன. அது கணக்குல வராது. மீனு துன்னாம நீ எப்படி இருப்ப?" அக்காவும், ஐயரைக் கேட்டு ஏதாவது பரிகாரம் செய்துகொள்ளலாம் என்றாள். அதுவரை ஏசியவள் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமாள்கிட்ட போயி என்னான்னு சொல்றது?" என்றாள் வசந்தா. "எங்க ஊட்டுக்காரரு எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு, அதனால நான் சொன்னதத் திருப்பிக் குடுன்னா? அவுரு பொழச்சிட்டாரு இல்ல. நான் சொன்னது சொன்னதுதான்."

ஆஸ்பத்திரியில் மொத்தம் பதினோரு நாட்கள் இருந்தேன். நாலாம் நாள் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஆறாம் நாள் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. பில் கட்டும்போது வசந்தாவின் கையில் வளையல் இல்லை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். முருகன் கடலுக்குப் போகாமல் அத்தனை நாளும் வெளி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். மருத்துவர் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். இன்றுவரை ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. கொழுப்பில்லாத கறி இரண்டு துண்டு, குழம்பு வைத்த மீன், அளவாகச் சோறு என்று எனக்கு ஒரு சாப்பாடு வகுத்துக் கொடுத்தார்கள். கவனித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கறியும் மீனும் தடையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நானும் கவுச்சியை விட்டுவிடுகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன். பாவத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டால் பாரம் குறையும் என்று ஒரு நினைப்பு. அவள் அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமலேயே சொன்னாள்.

"நீங்களும் விட்டுட்டா உப்பு பாக்கறது யாரு? பொண்ணுக்கு மீனு வேணாமா?"

அப்படித்தான் இரண்டு வருடமாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகன் சுறாவோ நெத்திலியோ கொண்டுவந்து கொடுப்பான். தன் அக்கா வசந்தாவுக்குப் பிடித்தது என்று அவன் தேடி எடுத்து வந்த மீன்களை இப்போது எங்கள் மகளுக்கென்று சொல்லிக் கொடுக்கிறான். வசந்தா கழுவி, அரிந்து, மிளகாய் அரைத்து, புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். கொதி வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் எங்கிருந்தாலும் எழுந்து போக வேண்டும். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆறவைத்து, என் உள்ளங்கையில் ஊற்றுவாள். நான் நக்கிப் பார்க்கும்போது, குப்பத்தில் பிறந்த அந்தப் பெண், என் வாயைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள்.

"உப்பு போதுமாங்க?"

இதில் மட்டும் நான் பொய் சொல்வதில்லை. கம்மி என்றால் கம்மி என்பேன். அவள் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தனக்கு ரசம் தாளிக்கப் போய்விடுவாள்.